எல்லைக்கல்லும் வாக்குச்சீட்டும்: எருமப்பட்டியைச் சுற்றிய தொகுதி வரலாறு

(எருமப்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2009 மக்களவைத் தேர்தலில் இந்த வட்டாரத்தில் ஒரு வாக்குச்சாவடியில் எனக்குப் பணி. காலை பத்து மணி இருக்கும். வெளியே ஒட்டியிருந்த அறிவிப்பைப் பேரன் படித்துக் காட்ட, ஒரு பாட்டி அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். விரலில் மை வைக்க நான் கையைப் பிடித்தபோது, "ஏனுங்க சாமி, ராசிபுரத்துக்குத்தானே எப்பவும் போடுவோம். இப்ப நாமக்கல்லுங்கறாங்க. ராசிபுரம் எங்கீங்க போச்சு?" என்று கேட்டார். வரிசை நீண்டிருந்தது. "மாத்திட்டாங்க பாட்டி" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். யார் மாற்றினார்கள், எதற்காக, எந்தக் கணக்கில் என்று அவர் கேட்டிருந்தால் அன்றைக்கு என்னிடம் பதில் கிடையாது. முப்பது ஆண்டுகள் வகுப்பில் வரலாறு நடத்திய எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. அந்தப் பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்லப் போகிறேன்.

தொகுதி என்பது எதனால் கட்டப்படுகிறது? செங்கல் இல்லாமல் வீடு இல்லை. தொகுதிக்குச் செங்கல் வருவாய் கிராமம். தொகுதி எல்லைகளை வகுக்கும் மறுவரையறை ஆணையைப் பிரித்துப் பார்த்தால் அதில் தெருப் பெயர் இருக்காது, சாதிப் பெயர் இருக்காது. வட்டத்தின் பெயர், அதன்கீழ் வரிசையாகக் கிராமங்களின் பெயர், கடைசியில் பேரூராட்சிகளின் பெயர். அவ்வளவுதான். அந்தக் கிராம எல்லைகளோ மணியக்காரரும் கர்ணமும் தலையாரியும் வெயிலில் நடந்து காட்டிய எல்லைகள். 1792இல் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு ஆட்சியராக வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறைக்கு வித்திட்ட நில அளவை இந்தச் சீமையில்தான் தொடங்கியது. வரி வாங்குவதற்காக ஊரை அளந்தார்கள். அந்த வரிக் கணக்கின் எல்லைகள்தாம், பின்னால் வந்த அளவைகளில் கல் நட்டு உறுதியாகி, இன்றைக்கு நம் ஓட்டுக் கணக்கின் எல்லைகளாக நிற்கின்றன. வரப்பில் எல்லைக்கல்லைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் முறையை அரசு ஒழித்தது. மணியக்காரரும் கர்ணமும் போய்விட்டார்கள். அவர்கள் காட்டிய எல்லை போகவில்லை.

கல் நின்ற இடத்தில் நிற்க, அதற்கு மேலுள்ள எல்லைகள் நகர்ந்துகொண்டே இருந்தன. இளையவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: 1910இல் நாமக்கல் வட்டத்தைச் சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்துத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். 1929இல்தான் திரும்பச் சேலத்துக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த மண் திருச்சி ஜில்லா. துறையூர்ச் சாலையில் இருக்கும் நமக்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை. இங்கிருந்து கிழக்கே போனால் துறையூர், மேற்கே போனால் நாமக்கல். சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் இரண்டு பக்கமும் போய் வந்தவர்கள் நாம். ஆனால் 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது கிராமப்புறத் தொகுதி என்பது பெரும்பாலும் மாவட்டம்தான். ஆகவே மாவட்டம் மாறியபோது வாக்கும் மாறியது. அந்த வாக்கும் எல்லோருக்கும் இல்லை. நிலவரி கட்டியவருக்கும் சொத்துள்ளவருக்கும்தான். மலையில் தினையும் சாமையும் விளைவித்தவருக்கு இல்லை. கீழே கூலிக்குக் கடலைக்காய் பறித்தவருக்கும் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் ப. சுப்பராயன் 1926இல் மாகாணத்தின் முதலமைச்சரானதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். அதோடு, அந்தத் தேர்தலில் நம் முன்னோரில் எத்தனை பேருக்கு ஓட்டு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

21 வயதான எல்லோருக்கும் வாக்கு என்பது 1952 தேர்தலில்தான் வந்தது. அந்தத் தேர்தலுக்குப் பின் நீதிபதி ந. சந்திரசேகர ஐயர் தலைமையில் முதல் மறுவரையறை ஆணையம் அமைந்தது. 1957இல் நாமக்கல் பெயரில் மக்களவைத் தொகுதி இருந்தது. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலிருந்து திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் இரண்டே பேர்தான் தில்லிக்குப் போனார்கள். ஒருவர் திருவண்ணாமலையில் வென்ற தர்மலிங்கம். மற்றவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959இல் நாடாளுமன்றத்தில் நேரு உறுதி சொன்னார். அதை உறுதிப்படுத்தி 1960இல் அவர் கடிதம் எழுதியது சம்பத்துக்கு. அந்தக் கடிதம் நாமக்கல் தொகுதியின் உறுப்பினருக்கு வந்த கடிதம். மொழிப்போர் வரலாற்றில் நம் தொகுதிக்கு இப்படி ஓர் இடம் உண்டு என்பதை நம் பிள்ளைகளின் பாடத்தில் நான் இதுவரை பார்க்கவில்லை. இனியாவது யாராவது எழுத வேண்டும்.

1962 தேர்தலிலும் நாமக்கல் தொகுதி இருந்தது. அதற்குள் ஒரு முக்கிய மாற்றம் வந்திருந்தது. முதல் இரண்டு தேர்தல்களில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒருவர் பொது, ஒருவர் ஒதுக்கீடு. 1961இல் சட்டம் போட்டு இரட்டை உறுப்பினர் முறையை நீக்கினார்கள். அதன்பின் ஒதுக்கீடு என்றால் ஒரு தொகுதி முழுவதும் ஒதுக்கீடுதான். அடுத்த மறுவரையறையில் நம் மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆகக் குறைந்தன. 1967 தேர்தல் 39 இடங்களுக்கு நடந்தது. சட்டமன்றம் 206இலிருந்து 234 ஆக வளர்ந்தது. 39ஐ ஆறால் பெருக்குங்கள், 234 வரும். ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்ற கட்டுமானம் அன்று வந்தது. இந்த ஆறு என்ற எண்தான் பாட்டியின் கேள்விக்குப் பாதிப் பதில்.

1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நீதிபதி கபூர் தலைமையிலான ஆணையம் கோடு போட்டது. 1977இல் ராசிபுரம் மக்களவைத் தொகுதி, பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியாக வந்தது. அதில் அடங்கிய சட்டமன்றத் தொகுதிகளைச் சொல்கிறேன், மனத்தில் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்: நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம், ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம். சின்னசேலம் அன்றைய தென்னார்க்காடு மாவட்டம். காவிரிப் படுகையின் ஓரத்தில் தொடங்கி, கொல்லிமலையைத் தாண்டி, வசிட்டநதிக் கரையோடு போய்க் கிழக்கே முடியும் ஒரு நீளத் தொகுதி. இந்தக் கோடியில் முட்டைக்கு விலை விழுந்தாலும் அந்தக் கோடியில் மரவள்ளிக்கு விலை விழுந்தாலும் ஒரே உறுப்பினர் பேச வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் இருந்தோம்.

ஏன் அவ்வளவு காலம்? 1976இல் அரசமைப்பின் 42ஆம் திருத்தம் தொகுதி எண்ணிக்கையை 2001ஆம் ஆண்டுவரை நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதற்காகவே இடங்களை இழக்கக் கூடாது என்பது காரணம். எண்ணிக்கை உறைந்தபோது எல்லைகளும் சேர்ந்து உறைந்தன. ஊர்கள் பெருத்தன, சில இளைத்தன, லாரிப் பட்டறைகளும் கோழிப் பண்ணைகளும் வந்தன. 1997 சனவரி 1ஆம் நாள் நாமக்கல் தனி மாவட்டமே ஆனது. தொகுதிக் கோடு மட்டும் 1971 கணக்கிலேயே நின்றது.

பிறகு 84ஆம் திருத்தம் எண்ணிக்கையை 2026க்குப் பின்வரும் முதல் கணக்கெடுப்புவரை நிறுத்தியது. ஆனால் உள்ளே எல்லைகளைத் திருத்த இடம் கொடுத்தது. 2003இல் வந்த 87ஆம் திருத்தம், அதற்கு 2001 கணக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் வேலை செய்தது. 2008 பிப்ரவரியில் ஆணை நடைமுறைக்கு வந்தது. அதில் ராசிபுரம் மக்களவைத் தொகுதி மறைந்து நாமக்கல் திரும்பி வந்தது; பாட்டியின் கேள்விக்கு மீதிப் பதில் இது. பாட்டி வாக்களித்த 2009 தேர்தல், தமிழ்நாட்டில் அந்தப் புதிய கோட்டின்மேல் நடந்த முதல் பொதுத்தேர்தல்.

கணக்கைப் பார்ப்போம். 2001இல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 6,24,05,679. இதை 39ஆல் வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்கு 16 லட்சம். 234ஆல் வகுத்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஏறக்குறைய 2,66,700. நாமக்கல் மாவட்டத்தில் அன்று 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். ஆகவே ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கிடைத்தன: ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்திவேலூர், திருச்செங்கோடு, குமாரபாளையம். பழைய கபிலர்மலைத் தொகுதி மறைந்தது. ஆறு கிடைத்துவிட்டதே, மாவட்டம் முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதியாகிவிடும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. குமாரபாளையம் ஈரோட்டோடு போனது. அதற்கு ஈடாகச் சேலம் மாவட்டத்துச் சங்ககிரி நாமக்கல்லோடு வந்தது.

இதைப் பற்றிப் பலர் வருத்தப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டம் ஆணையம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது: நிலம் ஒட்டி இருக்க வேண்டும், மலை ஆறு போன்ற இயற்கை அமைப்பைப் பார்க்க வேண்டும், நிர்வாக எல்லையைப் பார்க்க வேண்டும், போக்குவரத்து வசதியையும் மக்கள் வசதியையும் பார்க்க வேண்டும். குமாரபாளையத்துக்கு எதிர்க்கரை பவானி. பள்ளிபாளையத்துக்கு எதிர்க்கரை ஈரோடு. பாலம் கடந்தால் சந்தை, பாலம் கடந்தால் மருத்துவமனை. தறி ஓட்டுகிறவர் நூலுக்கும் துணிக்கும் அந்தக் கரையைப் பார்க்கிறார். ஆற்றைக் கோடு என்று நினைப்பது வரைபடக்காரர் பார்வை. கரையில் வாழ்கிறவருக்கு ஆறு ஒரு தெரு.

இனி நம் தொகுதிக்கு வருகிறேன். எருமப்பட்டிப் பேரூராட்சி, சேந்தமங்கலம் பேரூராட்சி, காளப்பநாயக்கன்பட்டிப் பேரூராட்சி, சுற்றுக் கிராமங்கள், ராசிபுரம் வட்டத்தின் மலையடிவாரக் கிராமங்கள், இவற்றுக்கு நடுவில் கொல்லிமலை. மலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தொகுதி இது. பழங்குடியினருக்கான தனித் தொகுதி. தமிழ்நாட்டில் இப்படி இரண்டே இரண்டு. சேந்தமங்கலம் ஒன்று, ஏற்காடு ஒன்று.

இரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? 2001இல் தமிழ்நாட்டில் பழங்குடியினர் 6,51,321 பேர். நூற்றுக்கு ஒருவரைவிடக் கொஞ்சம் கூடுதல். 234 இடத்தில் அந்தப் பங்கு 2.44. முழு எண்ணாக்கினால் 2. அதற்கு முன்பு மூன்று இருந்தன. மூன்றாவது, நமக்குக் கிழக்கே பச்சைமலையை உள்ளடக்கிய உப்பிலியபுரம். 2008இல் அந்தத் தொகுதியே இல்லாமல் போனது. துறையூர் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியாக வந்தது. பச்சைமலை மக்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. புள்ளிக்குப் பின்னால் இருந்த 44 அவர்களுக்குப் போதவில்லை. ஒரு மலையின் குரல் பின்ன எண்ணில் கரைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. இங்கிருந்து பேருந்து ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் நடந்த இழப்பு அது. நம்மில் எத்தனை பேர் அன்று அதைப் பேசினோம்?

பட்டியல் சாதியினருக்கான இடங்களை மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அவை இடம் மாறலாம். நாமக்கல் சட்டமன்றத் தொகுதி அதுவரை தனி, 2008க்குப் பின் பொது. ராசிபுரம் அதுவரை பொது, பின்னர் தனி. பழங்குடியினருக்கான இடமோ அவர்களின் விகிதம் எங்கே மிகுதியோ அங்கேதான் அமைய வேண்டும். ஆகவே அது மலையை விட்டு இறங்காது.

"நம்மூர்க்காரர் நிற்கவே முடியாத தொகுதி" என்று சமவெளியில் ஒரு முணுமுணுப்பு உண்டு. டீக்கடையில் கேட்டிருக்கிறேன், உறவினர் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அதற்கு என் பதிலை இந்த மேடையில் வெளிப்படையாகச் சொல்கிறேன். கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். அவற்றின் பெயர்களைக் கேளுங்கள்: வாழவந்தி நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு. ஒவ்வொன்றும் நாடு. கும்பினியார் அளப்பதற்கு முன்பே, வட்டமும் மாவட்டமும் பிறப்பதற்கு முன்பே, மலைமக்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட எல்லைகள் அவை. ஊர்க் கூட்டமும் கோயில் முறையும் அந்த எல்லைக்குள்தான். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று ஆடியில் விழா எடுக்கிறோமே, அந்த ஓரிக்குப் பின் மலையிலிருந்து ஒருவர் அரசவையில் உட்கார வழி செய்தது இந்த ஒதுக்கீடுதான். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? தொகுதியின் மொத்த வாக்கில் மலைமேல் இருப்பது சிறு பங்கு. பெரும்பங்கு நம்மிடம், கீழே. மலைமக்களுக்கு உரிய உறுப்பினரையும் பெரும்பாலும் நம் வாக்குதான் முடிவு செய்கிறது. இப்படிப்பட்ட அதிகாரம் கையில் இருக்கும்போது முணுமுணுக்க நமக்கு என்ன இருக்கிறது? மலைக்கு மருத்துவர் வந்தாரா, எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்த் திரும்பப் பேருந்து இருக்கிறதா என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் எருமப்பட்டிக்காரரும் கேட்க வேண்டும். மலைக்காக நாமும் வாக்களிக்கிறோம் என்பதால் கேட்க வேண்டும்.

கொஞ்சம் கடல் கடந்து போய்வருவோம். இந்தத் தொகுதி முறையை நாம் வாங்கிய பிரிட்டனில் என்ன நடந்தது? 1832 சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்னால் ஓல்ட் சாரம் என்ற இடம் இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. அங்கே இருந்தது புல் மூடிய மேடு, குடியிருப்பு கிடையாது. டன்விச் என்ற துறைமுகத்தின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, அதற்கும் இரண்டு உறுப்பினர்கள். மான்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களுக்கோ தனியாக ஒருவர்கூட இல்லை. ஊர் செத்த பின்னும் கோடு உயிரோடு இருந்தது. மக்கள் போராடித்தான் அதை மாற்றினார்கள். 1944இல் நிலையான எல்லை ஆணையங்களை அமைத்தார்கள். 2023இல் முடிந்த அண்மை மறுவரையறையில் மொத்தம் 650 தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சராசரி 73,393 வாக்காளர். அதிலிருந்து நூற்றுக்கு ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம், அதற்குமேல் கூடாது. ஐந்தே தொகுதிகளுக்கு மட்டும் இந்த விதியில் விலக்கு, ஐந்தும் தீவுகள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் 21,000 வாக்காளர் அளவில்தான் இருக்கிறார்கள், ஆனாலும் தனித் தொகுதி. கடல் சூழ்ந்தவரைக் கரையோடு சேர்த்து எண்ணினால் அவர் குரல் காணாமல் போய்விடும் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் பச்சைமலைதான் நினைவுக்கு வந்தது.

அங்கே இன்னொன்றும் கவனித்தேன். வரைவு வெளிவந்ததும் ஊர்க்காரர்கள் எழுதுகிறார்கள்: எங்கள் தெருவை அந்தப் பக்கம் சேர்க்காதே, எங்கள் தொகுதிக்கு இந்தப் பெயர் வை என்று. அவற்றைப் படித்து ஆணையம் பதில் சொல்லி, பல இடங்களில் கோட்டையும் மாற்றுகிறது. நம் சட்டத்திலும் வழி உண்டு. வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பொது அமர்வு நடத்த வேண்டும். மாநிலத்திலிருந்து மக்களவை உறுப்பினர் ஐவரும் சட்டமன்ற உறுப்பினர் ஐவரும் துணை உறுப்பினர்களாக இருப்பார்கள், அவர்களுக்கு வாக்கு கிடையாது. ஆணை வந்துவிட்டால் பிறகு நீதிமன்றத்துக்குப் போய் அதை மாற்றுவது மிகக் கடினம். அரசமைப்பின் 329ஆம் பிரிவு தடுக்கிறது. உஜ்ஜயினித் தொகுதியைத் தனித் தொகுதியாக்கியதை எதிர்த்து மேக்ராஜ் கோத்தாரி என்பவர் தொடுத்த வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஆகவே பேச வேண்டிய நேரம் வரைவுக்கும் ஆணைக்கும் நடுவில் உள்ள அந்தச் சில வாரங்கள்தாம். 2008க்கு முன் அந்த வாரங்கள் நம் ஊரைக் கடந்து போயின. இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் யாருக்கும் அது தெரிந்திருக்குமா என்பது ஐயம். எனக்குத் தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கணக்கெடுப்பு 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம், குறையுமா, கூடுமா என்று நாடே பேசுகிறது. பேசத்தான் வேண்டும். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையாக நம் இடங்கள் குறைந்தால் அது அநீதி, 1967இல் ஒருமுறை 41 என்பது 39 ஆனதைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் மாநிலத்துக்கு எத்தனை என்பது முடிவான பிறகு, அந்த எண்ணிக்கைக்குள் கொல்லிமலை யாரோடு, எருமப்பட்டி எதோடு, பச்சைமலைக்கு என்ன வழி என்ற கோடு போடப்படும். அந்தக் கோட்டைப் பற்றிச் சென்னைத் தொலைக்காட்சிகள் விவாதிக்கப் போவதில்லை. வாழவந்தி நாட்டிலிருந்தும் வரகூரிலிருந்தும் ஆட்கள் எழுந்து போய்ச் சொன்னால்தான் உண்டு. மலையும் அடிவாரமும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

சேந்தமங்கலம் தொகுதிக்கு 2008 ஆணை தரும் கிராமப் பட்டியலைத் தமிழில் எழுதி இரண்டு படிகள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று இங்குள்ள நூலகத்துக்கு. மற்றொன்று மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. பேச்சில் எருமப்பட்டி என்போம், ஏடுகளில் எருமைப்பட்டி என்றும் வரும், இரண்டையும் தேடுங்கள். உங்கள் ஊர் எந்த வரியில் இருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் எந்த ஊர்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே ஒரு வெற்றுத்தாளும் பேனாவும் வைத்திருக்கிறேன். விடுபட்டதாக, தவறாக, மாற வேண்டியதாக உங்களுக்குத் தோன்றுவதை அதில் எழுதுங்கள்.